நாற்பத்தேழாவது தாள்

எந்தத் தாளை நீட்டினாலும் உதயகுமாரி முதலில் தன்னுடைய பதினொரு இலக்கங்களை எழுதிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பாள். வலது பக்க மேல் ஓரத்தில் பிறந்த திகதியின் ஆறு இலக்கம், ஒரு சின்ன இடைவெளி, பிறகு ஐந்து இலக்கம். நோர்வேயில் ஆளுக்கு ஓர் எண் உண்டு. வங்கி, வைத்தியர், வரி எல்லாம் அந்த எண்ணுக்குள் அடக்கம். வைத்தியசாலையில் எழுதினாள், அது சரி. வகுப்புச் சுற்றுலாவுக்கு யார் கேக் கொண்டுவருவது என்று மகளின் ஆசிரியை அனுப்பிய தாளிலும் எழுதினாள்.

"அம்மா, சொக்லேட் கேக்குக்கு எதுக்கு பெர்சூன்நும்மர்?" மகள் ஆரபி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "கேக்கைப் பொலிசிலை பதியப் போயினமோ?"

"முன்னமே எழுதிவிட்டால் பிறகு ஒருத்தரும் கேட்க மாட்டினம்."

"இப்ப ஆர் கேட்டது?"

ஒருவரும் கேட்கவில்லைதான். தொண்ணூற்றோராம் ஆண்டு, வடக்கே ஓர் அகதி முகாமில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒரு துண்டில் அந்த எண்ணை எழுதி, அதன்மேல் விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டினார். இது இல்லாவிட்டால் நீ இங்கே இல்லை என்று அவள் அதை விளங்கிக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். புது மொழியின் எழுத்துகள் அவளைப் பயமுறுத்தின. இலக்கங்கள் பயமுறுத்தவில்லை. அதனால் எந்தத் தாளிலும் தெரிந்ததை முதலில் எழுதிவிடுவாள். எழுதியதும் நெஞ்சு கொஞ்சம் ஆறும்.

ரொம்மன் என்ற பகுதியில், கொம்மூன் எனப்படும் நகரசபைக்குச் சொந்தமான கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர்களுடைய வாடகை வீடு. இரண்டு படுக்கையறை. கணவன் மகேந்திரராசா தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. ஆரபிக்குப் பதினாலு வயது, தம்பி நிருஜனுக்கு ஒன்பது. உதயகுமாரி பின்னேரங்களில் அந்தப் பகுதியின் நிர்வாக அலுவலகத்தைத் துப்புரவு செய்தாள். பீடெல் என்று எல்லோரும் சொல்லும் அலுவலகம் அது. மூன்று மாடி, பதினெட்டுக் கழிவறை. அவள் போகும்போது அங்கிருப்பவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள். "ஹை" என்பார்கள். அவளும் "ஹை" என்பாள். ஆறு வருடமாக அதற்குமேல் பேச்சு வளரவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் செபஸ்ரியன் கதவைத் தட்டினார். மன்னார்க்காரர். தமிழ் ஆட்களுக்கும் பீடெலுக்கும் இடையில் ஓடித்திரிபவர். குடியிருப்பை எப்படித் திருத்தலாம் என்று சனத்திடமே கேட்கப் போகிறார்களாம், பள்ளி மண்டபத்தில் பட்டறை வைக்கிறார்களாம் என்றார்.

"நான் வந்து என்ன கதைக்கிறது அண்ணை?"

"ஒண்டும் கதைக்க வேண்டாம் தங்கச்சி. ஒரு தாள் தருவினம். எழுதிப்போட்டு வாஃபல் சாப்பிட்டிட்டு வரலாம்."

கதைக்க வேண்டாம் என்ற சொல்லுக்காகத்தான் அவள் போனாள்.

தாளில் மூன்றே கேள்விகள். விரும்பினால் உங்கள் முதற்பெயர். வீட்டில் எத்தனை பேர். எதை மாற்ற வேண்டும். உதயகுமாரி பதினொரு இலக்கத்தை எழுதினாள். முழுப்பெயர், தெரு, வீட்டு எண் எல்லாவற்றையும் எழுதினாள். எத்தனை பேர் என்ற இடத்தில் ஐந்து என்று எழுதினாள். யோசிக்கவேயில்லை. தினமும் ஐந்து பேருக்கு அரிசி அளக்கிற கை அது. கடைசிக் கேள்விக்கு, நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவான இயந்திரத்தில் உடுப்புத் தோய்க்க வாரத்தில் ஒரு முறைதான் வருகிறது, மூன்று பெரியவர்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அது காணாது என்று தெரிந்த நோர்வேஜிய மொழியில் எழுதிக் கொடுத்தாள். அந்த நாட்டில் பதினாறு வருடம் இருந்ததில், தன் குறையை ஒரு தாளில் எழுதிவைத்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"என்ன எழுதினனீர்?" என்றான் மகேந்திரராசா.

"தோய்க்கிற முறை காணாதெண்டு. அஞ்சு பேருக்கு கிழமையிலை ஒரு நாள் எப்பிடிக் காணும்?"

எதிரே இருந்த குகநேசனின் கை சோற்றில் நின்றது. "அஞ்சோ அண்ணி?"

குகநேசன் மகேந்திரராசாவின் தம்பி. அகதி விண்ணப்பம் இரண்டு முறை மறுக்கப்பட்டு, நாட்டை விட்டுப் போகும்படி கடிதம் வந்த பிறகு, போன வருடம் முகாமிலிருந்து ஒரு பையோடு வந்தவன். அன்றிலிருந்து வரவேற்பறைச் சாய்மெத்தையில் படுக்கிறான். சமைக்கிறான், நிருஜனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். அந்த வீட்டில் பதினொரு இலக்கம் இல்லாத ஒரே ஆள். கொம்மூனின் பதிவில் அந்த வீட்டில் இருப்பவர்கள் நான்கு பேர்.

"இது கொம்மூன்ட வீடு அம்மா," என்றாள் ஆரபி. "கொம்மூனுக்கே எழுதிக் குடுத்திருக்கிறீங்கள். பெர்சூன்நும்மரோடை."

"வாயே திறக்காத மனுசி," என்றான் மகேந்திரராசா, குரலை உயர்த்தாமல். "எழுதச் சொன்னால் மட்டும் வீட்டுக் கதை முழுக்க எழுதும்."

"விடுங்கோ அண்ணை," என்றான் குகநேசன். "இந்த நாட்டிலை என்னையும் ஓர் ஆளாய் எண்ணினது அண்ணி ஒருத்திதான்."

நிருஜன் மட்டும் சிரித்தான். குகநேசன் மிச்சச் சோற்றைச் சாப்பிடவில்லை.

மறுநாள் அலுவலகத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் அந்தத் தாள்களை உதயகுமாரி கண்டாள். யன்னல் ஓரத்தில், கோப்பிக் குடுவைக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் வளையம் போட்டபடி கிடந்தன. அழிக்க வேண்டிய தாள்களைப் போடுவதற்கு நடைபாதையில் பூட்டிய சாம்பல் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மூடியை அவள் ஆறு வருடமாகத் துடைத்து வருகிறாள். பூட்டிய அலுமாரிகளும் இருந்தன. இந்தக் கட்டு மட்டும் வெளியே கிடந்தது. முதல் நாள் அதைச் சுற்றித் துடைத்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கையுறையைக் கழற்றிவிட்டு ரப்பர் வளையத்தை எடுத்தாள்.

தன்னுடையதைத் தேட இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு போனவள் நின்றுவிட்டாள். தாளுக்குத் தாள் மேல் ஓரத்தில் பதினொரு இலக்கம். தமிழ்ப் பெயர்கள் எல்லாவற்றிலும் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த அதிகாரி எல்லோருக்கும்தான் விரலால் தட்டிக் காட்டியிருக்கிறார். ஒருத்தி தன் கணவனின் நோயைப் பற்றி எழுதியிருந்தாள். அவளைக் கோயிலில் இவள் கண்டிருக்கிறாள். உதயகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, எழுத்தைப் பார்க்காமல் தாள்களைத் தள்ளினாள்.

அவளுடைய தாளின் மூலையில் சிவப்புப் பேனையால் 47 என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை உருவி, நாலாக மடித்து, மேலங்கிப் பைக்குள் வைத்தாள். தள்ளுவண்டியோடு மின்தூக்கி வரை போனாள். அங்கே நின்றாள். நாற்பத்தாறு இருக்கும், நாற்பத்தெட்டு இருக்கும், நடுவில் ஒன்று இராது. எந்தக் கதவை எத்தனை மணிக்குத் திறந்தாள் என்று அவளுடைய அட்டை சொல்லும். அலுவலகத்தில் கண்டது எதையும் எடுக்கவோ சொல்லவோ மாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தத் தாளிலும் பதினொரு இலக்கம் எழுதியிருக்கிறாள். திரும்பி வந்து, மடிப்பை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி, இருந்த இடத்தில் செருகினாள்.

அடுத்த நாள் அரை மணி நேரம் முன்னதாகப் போனாள். பட்டறையை நடத்திய டூரிட் என்ற பெண் கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தாள். பேருந்தில் வரும்போது பாடமாக்கிய மூன்று வசனங்களையும் உதயகுமாரி சொன்னாள். நானும் பட்டறைக்கு வந்தேன். என் தாளில் அளவுக்கு மேல் எழுதிவிட்டேன். அதைத் திருப்பித் தர முடியுமா?

கேட்டதும்தான் பயம் வந்தது. அறுபது தாளுக்குள் கிடந்ததை இப்போது தானே விரல் நீட்டிக் காட்டுகிறாள்.

டூரிட் கோட்டைக் கழற்றினாள். அவள் சொன்ன பெயரில் இருந்த நாற்பத்தேழாவது தாளை எடுத்ததும் அதன் மேல் ஓரம் கண்ணில் பட்டது. முகம் சிவந்தது. "நாங்கள் முதற்பெயர்தானே கேட்டோம்? அதுவும் விரும்பினால்."

"நாங்கள் எல்லாத் தாளிலும் எழுதுவோம்."

டூரிட் மற்றத் தாள்களைப் புரட்டினாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். இலக்கம் எழுதியவை இவளுடையதோடு முப்பத்தொன்று. பிறகு உதயகுமாரியின் தாளைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் கையை வைத்தாள். "நான் இதை வாசிக்கவில்லை. வாசிக்கவும் தேவையில்லை. அழிக்கச் சொல்ல உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. ஆனால் விடுமுறைக்கு வேலைக்கு வந்த மாணவன் எல்லாவற்றையும் கணினியில் அட்டவணையாக்கி, வீட்டுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டான். அதில் என்ன போனது என்று நான் கேட்டு எழுதுகிறேன்."

தங்கள் வாடகை வீட்டைக் கவனிக்கிற வீட்டுப் பிரிவு என்றதும் உதயகுமாரிக்கு வேறு ஒன்றும் காதில் விழவில்லை. அழிக்கச் சொல்லிக் கேட்கும் படிவம் ஒன்றை டூரிட் நீட்டினாள். அதில் முதல் கட்டமே பதினொரு இலக்கம்தான். "மன்னிக்க வேண்டும்," என்றாள் டூரிட். உதயகுமாரி எழுதினாள்.

திங்கட்கிழமை யன்னல் ஓரம் வெறுமையாக இருந்தது. கூட்ட அறை முழுக்கத் தடித்த கறுப்புப் பேனையின் வாசம். முப்பது தாள்களின் மேல் ஓரங்களையும் யாரோ உட்கார்ந்து கறுப்பாக்கியிருக்கிறார்கள். மேசையில் பதிந்திருந்த கறுப்பு விரலடையாளங்களை உதயகுமாரி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள்.

பதில் கடிதம் வரவில்லை. வாசல்மணி அடிக்கும்போதெல்லாம் குகநேசன் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். ஒரு தடவை நிருஜன் விளையாட்டுக்கு மணியை அடித்துவிட்டு ஓடினான். மகேந்திரராசா பிள்ளைக்கு ஓங்கி ஒன்று வைத்தான். இதற்குமுன் அவன் பிள்ளைகளுக்குக் கை நீட்டியதில்லை. மூன்றாம் வாரச் சனிக்கிழமை குகநேசன் போர்வையை மடித்தான்.

"ஸ்ட்ரோம்மனிலை சிநேகிதப் பெடியன் ஒருத்தன்ட அறை இருக்கு. ரெண்டு பேரோடை மூண்டாவதாய் படுக்கலாம்."

"கடுதாசி வரட்டுமே தம்பி," என்றாள் அவள்.

"நல்ல கடுதாசி வந்தாலும் நான் குளிக்கிற அறைக்குள்ளைதான் இருக்கப் போறன் அண்ணி. உங்கட வீட்டையும் பறிகுடுத்துப்போட்டு ஆருக்கு என்ன வரப்போகுது?" சப்பாத்தை மாட்டிக்கொண்டே சிரித்தான். "இனி ஆரும் கேட்டால் நாலெண்டே எழுதுங்கோ. பொய்யில்லை."

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. ஆரபி வாசித்துச் சொன்னாள். வீட்டுப் பிரிவுக்குப் போன அட்டவணையில் பெயரும் எண்ணும் இருக்கவில்லையாம். அந்த மாணவன் அனுப்பும் முன்னமே அந்த நிரல்களை வெட்டிவிட்டானாம். எந்தக் கட்டடத்தில் எத்தனை பேருக்குத் தோய்க்கும் முறை காணாது என்ற கணக்கு மட்டும்தான் போயிருக்கிறதாம். நாற்பத்தேழாவது தாள் அழிக்கப்பட்டுவிட்டதாம். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம்.

"ஒருத்தரும் பாக்கேல்லை அம்மா," என்றாள் ஆரபி. "முதல் நாளிலையிருந்தே ஒருத்தரும் பாக்கேல்லை."

குகநேசனுக்கு உதயகுமாரியே தொலைபேசியில் சொன்னாள். "சந்தோசம் அண்ணி," என்றான். திரும்பி வருவதைப் பற்றி அவன் பேசவில்லை. அவளுக்கும் கேட்க வாய் வரவில்லை. வா என்று கூப்பிட்டு, இன்னொரு தாள் அவனைத் துரத்தினால் அந்தப் பழியை அவளால் தாங்க முடியாது.

அடுத்த வசந்தத்தில் கட்டட வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். குடியிருப்பாளர்களின் விருப்பத்தை ஏற்று, வீட்டுக்கு வாரம் இரண்டு முறை தோய்க்கலாம். செபஸ்ரியன் வழியில் கண்டு, "பாத்தீங்களே தங்கச்சி, எழுதினால் நடக்கும்!" என்றார். உதயகுமாரி "ஓம் அண்ணை" என்றாள்.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. குகநேசன் ஸ்ட்ரோம்மனில்தான் இருக்கிறான். வதிவிடப் பத்திரம் இன்னும் கிடைக்கவில்லை. உதயகுமாரி அதே அலுவலகத்தில் அதே மூன்று மாடியையும் துடைக்கிறாள். டூரிட் வேறு வேலைக்குப் போய்விட்டாள். தாளை நீட்டினால் இன்னும் கை மேல் ஓரத்துக்குத்தான் போகிறது. எண் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுதுகிறாள். புதிதாகக் கிடைத்த வியாழக்கிழமைத் தோய்க்கும் முறையை மேல் வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். நான்கு பேருக்கு ஒரு முறை போதும்.