ஏலப் பட்டியலில் மூன்று வீடு

இன்று ஆம்பூர் பஸ்ஸில் ஒரு வீட்டைக் காப்பாற்றிவிட்டேன்.

முன் இருக்கையில் தோல் வியாபாரி காதர் பாய். பக்கத்தில் ஒரு தரகர், கோர்ட் ஏலப் பட்டியலை விரித்துக் காட்டினார்.

“பாதி ஊரு ஏலத்துக்கு வந்துடுச்சு பாய். உங்க வீட்டைப் பாதி விலைக்காவது தள்ளிடுங்க. நாளைக்கு அதுவும் கெடைக்காது.”

தரகர் நீட்டிய விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பாய் பேனாவைத் திறந்தார்.

நான் பட்டியலை எட்டிப் படித்தேன்.

“பாய், ஒரே கதவு நம்பர் திரும்பத் திரும்ப வருது! கேக்க ஆளில்லாம ஏலம் தள்ளிப்போனப்பல்லாம் மறுபடி எழுதியிருக்காங்க. மொத்தமே மூணு வீடு!”

“இன்னா தோஸ்த், மூணு வீடா பாதி ஊரு?” என்று தரகரைக் கேட்ட பாய் பேனாவை மூடினார்.

தரகர் என்னை முறைத்தார். “படிச்சவங்க ரயில்ல போனா இன்னா?”

நாளையும் பஸ்தான். யார் யார் வருகிறீர்கள்?