பழப்புளியில் தேய்த்த வாள்தட்டு

பழப்புளி கரைத்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் அம்மாவின் கைதான் ஞாபகம் வரும். தைப்பொங்கலுக்கு முதல்நாள், யன்னலுக்கு வெளியே பனி குவிந்து கிடக்க, ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா குத்துவிளக்கு, செம்பு, மணி எல்லாவற்றையும் பரப்பிவைத்து, யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய்ப் "பொச்சு" கொண்டு தேய்ப்பார். "நல்லநாளிலை கறுத்த சாமானோடை பொங்கிறதே" என்பது அவர் வருடா வருடம் சொல்வது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவில் ஒரு பழம்பொருள் கடையில் பெட்டி தூக்கச் சேர்ந்த அப்பா, அங்கே வந்த பழைய யப்பானிய வாள்களின் உறுப்புகளில் பைத்தியமாகிப் போயிருந்தார். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் வட்டத் தட்டுக்கு "சுபா" என்று பெயர். "உங்கடை சுபா எப்பிடி இருக்கிறா" என்று அம்மா சீண்டுவார். அவரோ நூலகப் புத்தகங்களை விரித்து, விளங்காத நோர்வேஜியச் சொற்களுக்கு என்னைப் பிடித்துக்கொண்டு, அச்சில் வார்த்த போலியின் உள்விளிம்பில் பொருத்து தெரியும், உண்மையானதன் நடுத்துளையில் அலகு உரசிய தடம் இருக்கும் என்று படித்துக்கொண்டே இருப்பார். எல்லாவற்றிலும் அவர் பெரிதாக நினைத்தது, செம்பில் சிறிது பொன் கலந்து மருந்தில் ஊறவைத்து எடுக்கும்போது மேலே தோல்போலப் படியும் நீலக்கறுப்பு நிறத்தை. "உந்தத் தோல்தான் பிள்ளை சாட்சி. ஈரக்கைகூடப் படக்கூடாது" என்பார்.

அந்த மாரியில் கடைக்காரப் பெண்மணி அப்படியொரு தட்டை அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வெளியூரிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வரவிருந்தார். அப்பா சொல்வதும் அவர் சொல்வதும் ஒத்துப்போனால், இனிமேல் யப்பானியப் பொருட்களை எல்லாம் அப்பாவே பார்க்கலாம். பெட்டி தூக்கும் வேலை முடிந்துவிடும். அப்பா இரண்டு இரவு உருப்பெருக்கியோடு இருந்து, உண்மையானதுதான் என்று முடிவுகட்டி, வீட்டிலேயே பத்திரமான இடம் என்று சாமி அலுமாரிக்குள் விளக்குகளோடு வைத்தார்.

மறுநாள், தைப்பொங்கலுக்கு முதல்நாள், நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது தேய்த்த விளக்குகளின் நடுவே அந்தத் தட்டும் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. வேலையால் வந்த அப்பா குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"பெரிய ஆக்களுக்குக் காட்டப்போறியள், ஊத்தையோடை கொண்டுபோறதே? பாருங்கோ, முகம் பாக்கலாம்" என்றார் அம்மா.

அப்பா தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "ஓம், நல்லா மினுங்குது. தேத்தண்ணி தாரும்" என்றார்.

மதிப்பீட்டாளர் வந்த அன்று, மொழி தடக்கினால் உதவிக்கென்று அப்பா என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். அந்த மனிதர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உண்மையானதாக இருந்திருக்கலாம், தோலை உரித்த பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இதை யார் செய்தது என்று கடைக்காரி கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான்தான்" என்றார். அவர் நோர்வேஜிய மொழியில் தடக்காமல் சொன்ன சொல் அது ஒன்றுதான்.

அந்தக் கடை பூட்டும்வரை அவர் பெட்டிதான் தூக்கினார். எனக்கு அம்மாமேல் கோபம் வரவில்லை, அப்பாமேல்தான் வந்தது. தெரியாமல் நடந்ததென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பல வருடம் மனதுக்குள் சண்டை பிடித்தேன்.

இப்போது அந்த இடத்தில் கோப்பிக் கடை இருக்கிறது. அப்பாவும் இல்லை. கை உளைவதால் அம்மா பழப்புளியை விட்டுவிட்டு, லில்லெஸ்ட்ரோமில் வாங்கிய ஏதோ களிம்பால் விளக்குகளைத் துடைக்கிறார். போன பொங்கலுக்கு முதல்நாள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இவளின்ரை அப்பா உந்த யப்பான் சாமானிலை பெரிய விண்ணன். ஒருக்கா நான்தான் ஒண்டை மினுக்கிக் குடுத்தனான். பாக்க வந்தவர் வாயைப் பிளந்திட்டாராம், இவர் வந்து சொன்னவர்."

பிறகு என்னைப் பார்த்து, "நீயும் அண்டைக்குப் போனனீயெல்லே?" என்று கேட்டார்.

"ஓமம்மா, வாயைப் பிளந்தவர்தான்" என்றேன்.