கேஸ் பெட்டியில் பொறி பறக்காது

இஸ்திரி போடுகிறவன் கையில் எப்போதும் இரண்டு மூன்று சூட்டுத் தழும்பு இருக்கும். கரிப் பெட்டியை வீசி அனல் மூட்டும்போது பொறி தெறிக்கும். முழங்கையில் விழும், கழுத்தில் விழும், ஒருமுறை புருவத்திலேயே விழுந்தது. தேங்காய் எண்ணெய் தடவினால் பத்து நாளில் பொருக்கு உதிர்ந்துவிடும். இருபது வருடம் இப்படிப் போனதால், உடம்பில் எங்கே எது சொரசொரப்பாகத் தட்டுப்பட்டாலும் எனக்கு அது பொறி பட்ட இடம்தான்.

எனக்குப் பிறவியிலேயே தோலில் நிறம் இல்லை. தலைமுடி, இமை எல்லாம் வெள்ளை. டாக்டர்கள் இதை அல்பினிசம் என்கிறார்கள். கண் பார்வையும் மட்டு. கரும்பலகை தெரியாததால் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இதெல்லாம் என் பெண்களான உங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட தோலுக்கு வெயில் என்ன செய்யும் என்று எனக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. மல்லேஸ்வரத்தில் என் வண்டிக்குப் பின்னால் நின்றால் சாயங்கால வெயில் இடது பக்கம் விழும். நம்ம ஊர்க் காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயில் படுவதே தெரியாது. தொப்பி போட்டுக்கொண்டால் வாடிக்கைக்காரருக்கு மரியாதை இல்லாதது போல எனக்கு ஒரு நினைப்பு, அதனால் போட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா என் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது காதில் அவள் விரல் நின்றது.

"இன்னாங்க இது, காது மேல சொரசொரன்னு இருக்குது?"

"பொறி பட்டுருக்கும்."

"எப்போ?"

"போன மாசமோ என்னவோ."

அம்மா விரலை எடுக்கவில்லை. "கேஸ் பெட்டி வாங்கி ரெண்டு வருசம் ஆவுது. கேஸ்ல எங்கருந்துங்க பொறி வருது?"

சின்னவளே, நீதான் பதில் சொன்னாய். "அப்பாவுக்கு மட்டும் ஸ்பெஷலா வருதும்மா. பார்சல்ல." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மருந்துக் கடையில் படைக்குக் கொடுக்கும் களிம்பை வாங்கி மூன்று வாரம் தடவினேன். அது போகவில்லை. நெற்றி ஓரத்திலும் அதே மாதிரி மணல் ஒட்டியது போல இருப்பதைத் தடவித்தான் கண்டுபிடித்தேன். கண்ணாடியில் பார்த்தால் லேசான சிவப்பு, அவ்வளவுதான். பிறகு ஒரு காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருந்தது. கொசு என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். கண்ணால் பார்த்ததைவிட விரலால் தடவிப் பார்த்ததே அதிகம். காதில் ஒன்று, நெற்றி ஓரத்தில் மூன்று, கழுத்தில் இரண்டு, புறங்கையில் ஒன்று.

"எல்லாம் இடது பக்கமே இருக்கு. நீங்க வேலை செய்யறப்போ வெயில் அந்தப் பக்கமா?"

"ஆமாங்க. ஆனா வெயில் சுட்டதே இல்லீங்களே, குளிராத்தான் இருக்கும்."

"குளிரா இருந்தாலும் வெயில் வெயில்தான். சின்ன வயசுல இருந்து வாங்கினதெல்லாம் சேர்ந்து இப்போ வெளிய வருது. இது கேன்சர் இல்ல. விட்டா ஒண்ணு ரெண்டு அப்படி ஆகலாம். எது ஆகும்னு சொல்ல முடியாது, அதனால எல்லாத்தையும் எடுத்துடறது." காதில் இருந்தது மட்டும் தடிப்பாக இருந்தது, ரத்தமும் வந்திருந்தது. "இதை மட்டும் துளி வெட்டி டெஸ்டுக்கு அனுப்பறேன். ஒந்து வார ஆகும்."

மற்றவற்றுக்கு ஒரு குடுவையிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி எதையோ பீய்ச்சினார். நைட்ரஜனாம். ஒவ்வொரு இடத்திலும் சில விநாடிகள்தான். சூட்டோடு பழகிய எனக்குக் குளிரும் சுடும் என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வருவதற்குள் கொப்புளம் எழும்பியது. இரண்டு வாரத்தில் பொருக்கு கட்டி உதிர்ந்தது.

அந்த ஒரு வாரம் உங்களிடம் "ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். அது பொய். காதை எடுக்க வேண்டி வந்தால் இந்தக் கனமான கண்ணாடியை எதில் மாட்டுவது, கண்ணாடி இல்லாமல் எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று எப்படிப் பார்ப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் வந்தது. "இன்னும் ஆகல. ஆகற வழியில இருந்தது" என்றார் டாக்டரம்மா. காதில் மிச்சம் இருந்ததையும் உறைய வைத்தார். நெற்றியில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவற்றுக்கு நாலு வாரம் தினமும் இரண்டு வேளை போட ஒரு களிம்பு எழுதினார். முதலில் மோசமாகிற மாதிரிதான் தெரியும், களிம்பு வேலை செய்கிற அடையாளமே அதுதான், பயந்து நடுவில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

பத்தாம் நாள் நெற்றி செக்கச்செவேலென்று புண்ணாகி நின்றது. எதிர் வரிசையில் ஒரு வீட்டிலிருந்து துணி கொடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையைத் திரும்ப எடுத்துப் போனார். ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருப்பார். அன்று நான் களிம்பு போடவில்லை. மறுநாளும் போடவில்லை. அம்மா டியூபை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னா, நேத்து பாத்த மாதிரியே இருக்குது?"

"ஜனங்க பாக்கறாங்க."

"ஒரு வீட்டுத் துணி போனா போவுது. காது போனா வருமா?"

மறுபடி போட ஆரம்பித்தேன். நாலு வாரம் முடிந்து நிறுத்தியதும் சிவப்பு மெல்லத் தணிந்து, புதுத் தோல் வழுவழுவென்று வந்தது. எதிர் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை.

இப்போது வண்டியின் இடது பக்கம் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, வெயில் களிம்பு எல்லாம் உண்டு.

"நல்லாயிடுச்சாப்பா?" என்று பெரியவளே, நீ கேட்டபடியே இருக்கிறாய். உண்மையைச் சொல்கிறேன். வந்தவை போய்விட்டன. இனியும் வரும், ஏனென்றால் நான் வாங்கிய வெயிலைத் திருப்பிக் கொடுக்க முடியாது. போன மாதம் சின்னவள் விரலுக்கு என் பின்கழுத்தில் ஒன்று தட்டுப்பட்டதே, மிளகில் பாதிகூட இருக்காது. செவ்வாய்க்கிழமை போனேன். டாக்டரம்மா தடவிப் பார்த்து, வெட்டத் தேவையில்லை என்று அங்கேயே உறைய வைத்தார். ஊசிகூட இல்லை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.