யாழினியோடு ஸ்ரீரங்கம் போனபோது நான் சொன்ன பொய்

சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையோடு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போய்வர முடியுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். முடியும். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை நான் போய்வந்தேன். நேரம், தூரம், செலவு எல்லாம் எழுதுகிறேன். ஆனால் போன காரணத்தை விட்டுவிட்டு எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

என் தங்கை கல்யாணி முசிறியில் இருக்கிறாள். அவள் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் மூளை பாதிக்கப்பட்டு, கை கால் அவள் சொன்னபடி கேட்காது. நடக்க மாட்டாள். திருச்சிக்கு வெளியே இப்படிப்பட்ட குழந்தைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது, அங்கே சேர்த்துவிடு என்று இரண்டு வருடமாக நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்சி கிடைக்கும், உனக்கும் ஓய்வு கிடைக்கும் என்பேன். உண்மையான காரணம் என் மகள் நிவேதா. அவளுக்கு வரன் பார்க்கிறோம். "உங்க குடும்பத்துல யாருக்காவது..." என்று எவராவது இழுத்தாலே எனக்கு வியர்த்துவிடும். அதே சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதைக் கல்யாணியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமையே சென்னையிலிருந்து வந்து ஜங்ஷன் பக்கம் தங்கிவிட்டேன். முசிறியிலிருந்து திருச்சி சுமார் நாற்பது கிலோமீட்டர். கல்யாணி ஏழு மணி பஸ் பிடித்து எட்டேகாலுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். அவள் கணவருக்குத் தோட்டத்தில் வாழைத்தார் வெட்டு, வரவில்லை. இடுப்பில் யாழினி, தோளில் பை. மடக்கு நாற்காலியைக் கண்டக்டர் இறக்கிக் கொடுத்தார். நான் பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இல்லம் அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர், ஆட்டோ முந்நூற்றைம்பது ரூபாய். வாசலில் இறங்கியதும் டிரைவர், "வெயிட் பண்றேன் சார். திரும்பும்போதும் மூணு பேர்தானே?" என்று கேட்டார். "இருங்க, சொல்றேன்" என்றேன். கல்யாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் அவளை வரச் சொல்லியிருந்தேன். என் பையில் யாழினியின் மருத்துவச் சான்றிதழ் நகலும் நான்கு போட்டோவும் இருந்தன.

சுத்தமான இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். ஆட்டோ சத்தம் கேட்டு எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியது நாங்கள் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள்.

பொறுப்பாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவர் நீட்டிய படிவத்தை நான் வாங்கிப் பேனாவைத் திறந்தேன்.

"பாப்பாவுக்குத் தாகம் எடுத்தா எப்படிக் காட்டுவா?"

எனக்குத் தெரியவில்லை. "உதட்டை ரெண்டு தரம் கடிப்பா" என்றாள் கல்யாணி.

"வலிச்சா?"

"அழமாட்டா. இடது கையை இறுக்கி மூடிக்குவா."

"பேசுவாளா?"

"நாலு வார்த்தை. அம்மா, அப்பா, தா, மாமா. அண்ணன் போன் பண்ணும்போது ஸ்பீக்கர்ல போடுவேன், அதுல கத்துக்கிட்டா."

நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பொறுப்பாளர் படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "இங்க நிறையப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருக்காங்க சார். நாலு பேர் என்ன சொல்லுவாங்களோன்னு கொண்டாந்து விட்டவங்க. நாங்க சோறு போடுவோம், பயிற்சி குடுப்போம். கையை மூடினா வலின்னு தெரிஞ்ச ஒரு ஆளை எங்களால குடுக்க முடியாது. அதான் இப்பல்லாம் வீட்டுலயே வச்சுக்க முடியுமான்னு முதல்ல பார்க்கிறோம். உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

"முதுகு வலிங்க. தூக்கி இறக்க இன்னொரு கை இருந்தா போதும். மத்தபடி அண்ணன்தான்..." கல்யாணி நிறுத்திக்கொண்டாள்.

முசிறியில் பள்ளியில் சேர்க்கவும் பயிற்சிக்கு ஆள் ஏற்பாடு செய்யவும் தானே பேசுவதாகப் பொறுப்பாளர் சொல்லி அனுப்பினார். மூன்று பேராகவே திரும்பினோம்.

மதியச் சாப்பாடு முடித்து நாலு மணிக்கு ஸ்ரீரங்கம். ராஜகோபுரத்தைத் தாண்டி ரங்கா ரங்கா கோபுரம் வரை ஆட்டோ போகும். உள்ளே படிகளும் உயரமான வாசற்படிகளும் வரும் இடங்களில் நாற்காலியை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். ஆயிரங்கால் மண்டபம் பக்கம் வந்தபோது ஓர் அம்மா எதிரில் நின்றார். "நிவேதா அப்பாதானே? ஆறு மணிக்கு வர்றதா சொன்னீங்க?" மாப்பிள்ளையின் அம்மா. வீடியோ காலில் பார்த்த முகம்.

அவர் பார்வை நாற்காலிக்குப் போனது. "இவங்க?"

நான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். "முசிறிப் பக்கம். படி ஏத்த முடியாம நின்னாங்க, கொஞ்சம் உதவி பண்ணேன்."

யாழினி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, "மாமா" என்றாள். நான் அவள் பக்கம் திரும்பாததால் இன்னும் சத்தமாக, "மாமா."

அந்த அம்மா குனிந்து, "பேரு என்னம்மா?" என்றார். "யாழினி" என்றாள் கல்யாணி. அடுத்த வாசற்படியில் பூ விற்கும் பெண் ஒருவர் கூடையை வைத்துவிட்டு ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தார். நான் போவதற்குள் தூக்கி முடித்திருந்தார்கள்.

சத்திரத்தில் பஸ் ஏறும் முன் கல்யாணி சொன்னாள்: "நிவேதாவுக்காகத்தான்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ண்ணா. யாழினி நல்லதுக்குத்தான் சொல்றீங்கன்னு ரெண்டு வருஷமா நம்பிட்டிருந்தேன்."

திரும்ப ஸ்ரீரங்கம் வந்து ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. "கோயில்ல பார்த்தது என் தங்கச்சி. அது அவ பொண்ணு" என்றேன். "குழந்தை கூப்பிட்டுச்சே" என்றார் அந்த அம்மா, அவ்வளவுதான். நாலு நாள் கழித்து ஒத்துவரவில்லை என்று தகவல் வந்தது. குழந்தையைப் பார்த்துச் சொன்னார்களா, என்னைப் பார்த்தா என்று தெரியாது. இரண்டாவதாக இருந்தால் அவர்கள் மேல் தப்பில்லை. நிவேதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என் பேரைச் சொல்லியா இதைச் செஞ்சீங்க?" என்று கேட்டவள் ஒரு வாரம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

யாழினி இப்போது வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போகிறாள். தன் பெண்ணை அவள் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று முதலில் ஒரு தாய் சண்டைக்கு வந்திருக்கிறார். அந்தப் பெண்ணே இப்போது தினமும் சண்டை போட்டு அவள் பக்கத்தில் இடம் பிடிக்கிறாளாம். நான் முசிறிக்கு இரண்டு முறை போய்வந்தேன், முதுகு பிடிக்காமல் தூக்கக் கற்றுக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டேன். கல்யாணி இன்னும் பதில் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: நாலு மணிக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் கல் சுடும். நாற்காலியிலிருந்து கால் நழுவித் தரையில் உரசும், குழந்தைக்கு சாக்ஸ் போடுங்கள். பெரியவர்கள் இரண்டு பேராவது வேண்டும். கோயிலில் தெரிந்தவர்கள் எதிர்ப்படுவார்கள், யார் இது என்று கேட்பார்கள். பெயரையும் உறவையும் உடனே சொல்லிவிடுங்கள். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கும்.