எதோட

எங்கள் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரைக்கும் அவர் 'எதோட'தான். நான் மட்டும் அண்ணன் என்பேன். எரிச்சல் வந்தால் நானும் 'எதோட' என்பேன், அது அடிக்கடி வரும்.

டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நோயாளிக்கும் சொந்தக்காரர்களுக்கும் தமிழில் சொல்வது எங்கள் வேலை. எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் விடக் கூடாது. கேட்பதற்கு என்னவோ சுலபம்தான். 'ரிலேட்டிவ்லி ஸ்டேபிள்' என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த படுக்கைக்கு நகரும்போது அல்லவா தெரியும் சங்கதி. நானாக இருந்தால் "ஓரளவு சீரா இருக்காராம்" என்று சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே போய்விடுவேன். அண்ணன் நகர மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு, டாக்டரின் பாஷையிலேயே, "எதோட ஒப்பிட்டு, டாக்டர்?" என்று கேட்பார்.

நேற்றோடு ஒப்பிட்டு என்பார் டாக்டர். நேற்று எப்படி? ரொம்ப மோசம். அப்புறம்தான் அண்ணன் தமிழுக்கு வருவார். "நேத்து ரொம்ப மோசமா இருந்தாராம், இன்னைக்கு மோசமா இருக்காராம். பக்கத்துலயே இருங்க." கடைசி வாக்கியம் டாக்டர் சொன்னதில்லை. நான் அதைச் சுட்டிக்காட்டினால் எனக்குத்தான் திட்டு விழும்.

"ஓரளவுன்னு காதுல விழுந்த உடனே ஜனங்க வீட்டுக்குக் குளிக்கப் போயிடுறாங்க தங்கச்சி. திரும்பி வர்றதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சிடுது."

சாப்பாட்டு நேரத்தில் இதுதான் பேச்சு. வேறு பேச்சு பேசத் தெரியாது அந்த மனுஷனுக்கு. 'ஓரளவு' என்பதற்கு டாக்டர்கள் போடுகிற ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் ஓர் அர்த்தம் வைத்திருந்தார். ஃபேர்லி என்றால் டாக்டருக்கே நிச்சயமில்லை. ராதர் என்றால் கெட்ட செய்திக்கு இஸ்திரி போட்டுக் கொண்டுவருகிறார். சம்வாட் என்றால் அவருக்கு வேறெங்கோ போகணும். ரிலேட்டிவ்லியும் கம்பேரட்டிவ்லியும் ஒரே வயிற்றில் பிறந்தவை. இரண்டும் தனியாக வராது, ஜோடியை வெளியே நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே வரும். "வெளிய நிக்கிறதை உள்ள கூப்பிடணும். அதுக்குத்தான் நமக்குச் சம்பளம்" என்பார். வாயில் சோறு இருக்கும்போதே சொல்வார், என் தட்டில் தெறிக்கும்.

கேன்டீன்காரரையும் விட்டுவைக்கவில்லை. இன்றைக்கு டீ கொஞ்சம் நல்லா இருக்கும் சார் என்று அவர் சொல்ல, "எதோட?" என்று இவர் கேட்க, அன்றிலிருந்து இவருக்கு ஆடை மிதக்கிற டீதான் வந்தது. வீட்டிலும் இதே கூத்து. புதுச் சட்டை போட்ட அன்று, "நல்லா இருக்குங்க" என்று அண்ணி சொல்லியிருக்கிறார். "எதோட?" என்றாராம். "உங்க மூஞ்சியோட" என்றாராம் அண்ணி. இதை அண்ணனே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள், வெளியூரில் காலேஜ் படிப்பு. விடுமுறைக்கு வந்தால் அப்பாவைப் பார்த்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். அப்பா மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு கேட்பாள்.

போன வருஷம் அண்ணிக்கு ஈரல் கெட்டுப்போனது. எங்கள் வார்டிலேயே சேர்த்தார்கள். நம் வீட்டு ஆட்களுக்கு நாமே மொழிபெயர்க்கக் கூடாது என்று எங்களுக்கு விதி. அதனால் அந்தப் படுக்கை என் தலையில் விழுந்தது.

காலை ரவுண்ட்ஸ். அண்ணி தலையணையில் சாய்ந்திருந்தார், கண்ணெல்லாம் மஞ்சள். அண்ணன் கால்மாட்டில் நின்றார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, 'ரிலேட்டிவ்லி ஸ்டேபிள்' என்றார். சொல்லிவிட்டு நின்றார். பழக்கம்தான் காரணம், கேள்வி வரும் என்று அந்த ஆள் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

அண்ணன் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

வேறு வழியில்லாமல் நான் கேட்டேன். எதோட ஒப்பிட்டு, டாக்டர்? அவர் அண்ணனைப் பார்க்காமல் பதில் சொன்னார். இனி வரப்போகும் நாட்களோடு ஒப்பிட்டு. இந்த வாரக் கடைசியைத் தாண்டுவது கஷ்டம், பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிடட்டும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நீ ஓரளவு நல்லா இருக்கியாம். கேட்டியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரான் வீட்டுப் படுக்கையில் எல்லாம் நோண்டி நோண்டிக் கேட்ட வாயா இது? ஆனால் நோயாளியின் முன்னால் என்ன சண்டை போடுவது. அண்ணன் தண்ணீர் பிடிக்கப் போனதும் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டாக்டர் வேற ஏதோ சொன்னாருல்ல?"

"ஆமா அண்ணி. சொல்லட்டுமா?"

"வேணாம். டாக்டர் முகத்தைப் பாத்தேன், போதும். பொண்ணை மட்டும் உடனே வரச் சொல்லணும். நான் சொன்னா இவரு உடைஞ்சு போயிடுவாரு. நீ சொல்லு. ஒரு தடவ அவளைப் பாத்துட்டாப் போதும் எனக்கு."

வராந்தாவில் அண்ணனை மடக்கினேன். "பொண்ணை இன்னைக்கே கெளம்பச் சொல்லுங்க. அண்ணியே கேக்குறாங்க."

"பரீட்சை நடக்குது தங்கச்சி. நடுவுல எதுக்கு அவளைப் பயமுறுத்தணும்? ஓரளவு நல்லாத்தானே இருக்கா."

"அண்ணே, டாக்டர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"அப்ப?"

நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்று கையை நீட்டினேன். அவரே போனை எடுத்தார். அப்பாடா என்று நினைத்தேன். "அம்மா ஓரளவு நல்லா இருக்காம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல. பரீட்சையை முடிச்சிட்டு வா." சொல்லி முடித்து, போனைச் சட்டைப்பையில் போட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முகத்தில் ஒரு நிம்மதி. தமிழில் தானே சொன்ன வார்த்தையைத் தானே நம்பிவிட்டார் பாவி மனுஷன். ஜனங்களுக்கு அந்த வார்த்தை எதற்கு வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி போய்விட்டார். கடைசிவரை கண் வாசல் பக்கமே இருந்தது. செத்துப்போனார் என்பதற்கு முன்னால் ஓரளவு போட முடியாது. அதனால் இந்தத் தடவை போனில் பேச அவரால் முடியவில்லை, நான்தான் பேசினேன்.

மகள் வந்து சேர்ந்தபோது அந்தப் படுக்கையில் வேறு ஒருத்தர் இருந்தார். வராந்தா பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே போய் நின்றாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஓரளவுன்னு சொன்னீங்களே. எதோடப்பா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். நான் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் வரை கேட்டாள். இப்போது அவள் விடுமுறைக்கு வருவதில்லை.

அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். எதையும் யாரையும் கேட்பதில்லை. ரவுண்ட்ஸ் சீக்கிரம் முடிகிறது, டாக்டர்களுக்கு ஏக சந்தோஷம். நேற்று ஒரு கிழவரைப் பார்த்துவிட்டு 'ரிலேட்டிவ்லி ஸ்டேபிள்' என்றார் டாக்டர், கிழவரின் இரண்டு மகன்களும் அண்ணன் வாயையே பார்த்தார்கள். "ஓரளவு பரவாயில்லையாம். வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றார் அண்ணன். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே என்றேன்.

"கேட்டா மட்டும் பொழைச்சிடப் போறாரா? குளிச்சிட்டாவது வரட்டும்."

ஈரத் தலையோடு அவர்கள் திரும்பி வந்தபோது படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. டாக்டர் பேச வந்தார். அண்ணனைக் காணவில்லை, அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.