கறுப்புத் துணிக்குள் அழுகிய தூண்

'டொக்... டொக்... பொத்.'

பருப்பு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி அறையிலிருந்து வந்த சத்தம் கேட்டு, சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த தங்கம்மாளின் கை நின்றது. மறுபடியும் தட்டும் ஓசை. கெட்டியாக ஒலித்துக்கொண்டே வந்தது திடீரென்று விரிசல் விட்ட பானையைப் போல் பொத்தென்று அடங்கியது.

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனாள்.

பாளையம்பட்டியில் தங்கம்மாளின் பருப்புக் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கணவர் சின்னத்துரை கண்மூடிய மறு மாதமே கல்லாவில் வந்து உட்கார்ந்தவள். மேலே நல்ல துவரை, அடியில் சொத்தை என்று மூட்டை கட்டி வருகிற வியாபாரியைக் கண்டால் அவளுக்குக் குமட்டும். வாய் திறந்து திட்டமாட்டாள். மூட்டையைத் தெருவில் கவிழ்த்துக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டுத் தூணில் ஏமாந்தாள்.

வானம் பொய்த்த வருடத்தில் கட்டிய வீடு அது. கண்மாய் வறண்டு கிடந்ததால் போர் போட்டு, அந்த உப்புத் தண்ணீரிலேயே சிமெண்டைக் குழைத்தார்கள். உப்பு உள்ளேயிருந்து கம்பியைத் தின்றது. ஏழு மாதத்துக்கு முன் கிட்டங்கித் தூண் வெடித்தபோது மருமகள் தீபலட்சுமி அப்போதுதான் உண்டாகியிருந்தாள். முந்தைய கரு தங்காமல் போன பெண். பெற்ற தாயும் இல்லாத பெண். மாசமாக இருப்பவள் வாழ்கிற வீட்டில் சுத்தியல் சத்தமே கேட்கக் கூடாது என்று தங்கம்மாள் பிடிவாதமாக நின்றாள்.

அப்போதுதான் கட்டட வேலை எடுத்துச் செய்யும் அண்ணன் மகன் உதயகுமார் வந்தான். "இடிக்கவே வேணாம் அத்தை. கார்பன் நாருத் துணி. பிசினத் தடவிச் சுத்திட்டா இரும்ப விட வலு. பாலத்துக்கே இதத்தான் சுத்துறாங்க" என்றான். கறுப்புத் துணி சுற்றிப் பளபளத்த தூணுக்குத் தங்கம்மாள் சந்தனப் பொட்டுகூட வைத்தாள்.

இன்று அந்தத் தூணை உதயகுமார் நாணயத்தால் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெயிண்ட் டப்பாவும், அத்தைக்கென்று வாங்கி வந்த சேவுப் பொட்டலமும் இருந்தன.

"என்னலே தட்டுற?"

"ஒண்ணுமில்ல அத்தை. லேசாக் காத்து ஏறியிருக்கு. ஊசியில பிசின் ஏத்தி, பெயிண்ட் அடிச்சுட்டா முடிஞ்சது."

தங்கம்மாள் துணியின் உப்பிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஓரம் பிளந்து, செம்பழுப்பு நீர் அவள் உள்ளங்கையில் வழிந்தது. ஐயோ, அந்த நாற்றம்! மூட்டை தூக்கும் கொக்கியை எடுத்துப் பிளவில் மாட்டி இழுத்தாள். துணியோடு சிமெண்டுப் பூச்சும் பெயர்ந்து வந்தது. உள்ளே கம்பி ஏடு ஏடாக உதிர்ந்தது.

"இதக் கொத்தி எடுக்காம சுத்தலாமாலே?"

அவன் தரையைப் பார்த்தான். "கூடாது அத்தை. கொத்தி, துருவத் தேச்சு, புதுக் கலவை வச்சுட்டுத்தான் துணி சுத்தணும்."

"தெரிஞ்சேதான் சுத்துனியா?"

"நீங்கதான சுத்தியலையே தொடக்கூடாதுன்னு நின்னீக? முடியாதுன்னா வேற ஆளப் பாத்திருப்பீக."

பாசத்தில் சொன்ன ஒரு சொல்லை எடுத்து, இவன் அழுகலுக்குப் போர்வையாக்கிவிட்டானே!

"முடியாதுன்னு சொல்லியிருந்தா அவளத் திருச்சுழிக்கு எந்தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டு இடிச்சிருப்பேன்லே! துணி மேல குத்தமில்ல. சொத்தைய மூடுன கையிதான் குத்தம்."

"மெதுவாப் பேசுங்க அத்தை. வெளிய தெரிஞ்சா எனக்கு எவன் வேல குடுப்பான்? பிள்ள பொறக்கட்டும், பொறவு பாப்போம்."

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. தீபலட்சுமி புரண்டு படுக்கிறாள். தங்கம்மாள் அண்ணாந்து பார்த்தாள். அவள் கண்கள் நிரம்பின.

"பிள்ளத்தாச்சி கட்டிலு இந்தத் தூணுக்கு நேர் மேலதாம்லே கெடக்கு. தெரியுமா?"

அவன் நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"முனீஸ்வரா!" என்று மகனைக் கூப்பிட்டாள். "ஒம் பொண்டாட்டிய மெதுவா எறக்கிக் கூட்டியா. கார எடு. திருச்சுழிக்குப் போறோம்."

தீபலட்சுமி தூக்கக் கலக்கத்தோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "என்ன அத்தை திடீர்னு? ரசமாவது குடிச்சுட்டுப் போவமே?"

"சித்தி வச்சுத் தருவா. தண்ணியாத்தான் இருக்கும், பொறுத்துக்கடி."

மகனும் மருமகளும் காரில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் தங்கம்மாளுக்கு மூச்சு வந்தது.

உதயகுமார் மெல்ல இழுத்தான். "முட்டுக் குடுத்து நானே சரிபண்ணித் தாரேன் அத்தை. நமக்குள்ள இருக்கட்டும். அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

"முட்டுக் குடுக்க வேற ஆளு வருவான். ஒங்கப்பன் எனக்கு அண்ணன்லே, நானே சொல்லிக்கிறேன். மொதல்ல அந்தச் சேவ எடு. ஒன் கையால வந்தது எனக்கு எறங்காது."

அவன் பொட்டலத்தையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, "வாரேன் அத்தை" என்றான். அவன் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, காத்திருந்த காரில் ஏற வெளியே வந்தாள். துருக்கறை படிந்த கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினாள்.