கிறிஸ்துமஸுக்கு மறுநாள்

எங்கள் மாதா கோயிலில் காலைப் பூசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் மைக் என் கையில் இருக்கும். அந்த நேரத்தில் சாமியாரே குறுக்கே பேசமாட்டார். முதலில் இன்றைய புனிதர் யார் என்று சொல்வேன். பிறகு இதே தேதியில் பிறந்த, இறந்த பெரிய மனிதர்கள் ஒருவர் இருவர். உலகத்தில் இதே நாளில் நடந்த சங்கதி ஏதாவது ஒன்று. கடைசியில் பூசைக் கருத்து. அதாவது, இன்றைய பூசை யாருக்காக என்று வாசிப்பது. செத்தவர்கள் என்றால் 'ஆன்ம இளைப்பாற்றிக்காக'. உயிரோடு இருப்பவர்கள் என்றால் 'நலம் வேண்டி'. இரண்டில் எது என்று என் வாயிலிருந்து வரும்வரை ஜனங்கள் தலையைக் குனிந்தபடி காத்திருப்பார்கள்.

கோயிலில் புனிதரோடு விஞ்ஞானியையும் கவிஞரையும் சேர்ப்பது சில பெரிசுகளுக்குப் பிடிக்கவில்லை. "பூசைக்கு வந்தா பாடம் எடுக்குதுப்பா இந்தப் பொண்ணு" என்று ஒருத்தர் என் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். விழட்டும் என்றுதானே சொன்னார், விழுந்தது, அவ்வளவுதான். நான் நிறுத்தவில்லை. எனக்குத் தேதி என்றால் ஒரு பைத்தியம். வேலையும் அப்படி அமைந்துவிட்டது. துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். கப்பல் வந்த தேதி, கிளம்பிய தேதி, இந்த இரண்டையும் கேட்காமல் எங்கள் ஆபீஸில் டீகூட வராது.

கப்பலுக்கு இரண்டு தேதி. பெரிய மனிதர்களுக்கும் இரண்டு தேதி, பிறந்தது ஒன்று, இறந்தது ஒன்று. புனிதர்களுக்கோ இறந்த தேதிதான் திருநாள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரே தேதி. அவர் பிறந்தது எனக்குத் தெரியும். மற்றது யாருக்கும் தெரியாது. அதில்தான் என் வாழ்க்கை மாட்டிக்கொண்டது.

அப்போது நாங்கள் காசிமேட்டில் கடலைப் பார்த்த குடிசையில் இருந்தோம். கல்யாணமாகி இரண்டாவது கிறிஸ்துமஸ். மூங்கிலைப் பிளந்து, காத்தாடிப் பேப்பர் ஒட்டி, உள்ளே ஒரு பல்பு வைத்து அவரே நட்சத்திரம் செய்தார். பேப்பரைவிடப் பசைதான் அதிகம். கூரை முனையில் கட்டிவிட்டு, தெருவில் போகிற வருகிறவனையெல்லாம் நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைத்தார். மறுநாள் ஞாயிறு, கடல் தொழிலுக்குப் போகாத நாள். முந்தின நாள் பிரியாணி இன்னும் யாருக்கும் செரிக்கவில்லை. காலையில் எழுந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே வந்தவர், நட்சத்திரம் அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்தார்.

"லைட்டு மின்னுது மே. லூஸ் காண்டாக்ட்டு. போட்டைப் பாத்துட்டு வந்து சரி பண்றேன்" என்றார். இருமிக்கொண்டே கடற்கரைப் பக்கம் போனார்.

அன்றுதான் கடல் உள்ளே வந்தது. அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உலகமே டிவியில் பார்த்தது. எங்கள் குடிசைக்குள் இடுப்பு வரை தண்ணீர். பாய், பாத்திரம், கல்யாணப் புடவை எல்லாம் போனது. உயரத்தில் கட்டியிருந்ததால் நட்சத்திரம் மட்டும் நனையவில்லை. அவர் போட்டை மூன்று தெரு தள்ளி ஒரு கடை வாசலில் கண்டெடுத்தார்கள். அவரைக் கண்டெடுக்கவில்லை.

பிறகு எங்களைத் திருவொற்றியூருக்கு அந்தாண்டை கட்டிய அடுக்குக் குடியிருப்பில் கொண்டுவந்து வைத்தார்கள். எங்களை என்றால், என்னையும் என் மாமியாரையும். மாடி வீடு, குழாய், கக்கூஸ், எல்லாம் இருந்தது. அத்தைக்கு ஒரே ஒரு கவலைதான்.

"அவனுக்கு இந்த வூடு தெரியாதேமே" என்றாள்.

அதனால் மூட்டை முடிச்சோடு நட்சத்திரமும் வந்தது. பால்கனிக் கம்பியில் கட்டினாள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் எல்லா வீட்டிலும் நட்சத்திரத்தை இறக்கி வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் இறக்கவில்லை. வெயில் காலத்திலும், தவக்காலத்திலும், ஆடி மாசக் காற்றிலும் அது எரிந்தது. பேப்பர் கிழிந்தால் அத்தை புதுப் பேப்பர் ஒட்டுவாள். பல்பு போனால் நான் மாற்றுவேன். அந்த லூஸ் காண்டாக்ட்டை மட்டும் சரி செய்ய விடமாட்டாள். "அவன் வந்து செய்றேன்னானே" என்பாள். தண்ணி லாரிக்காரனும் கூரியர்காரனும் எங்கள் பிளாக்கை 'நட்சத்திர வூடு' என்றே அடையாளம் சொல்கிறார்கள். அடையாளம் தெரிய வேண்டியவருக்குத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வருஷா வருஷம் அந்தத் தேதி வரும். குப்பத்து ஜனங்கள் கடலில் பால் ஊற்றி, பூவைத் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அத்தை அந்தப் பக்கமே தலை வைக்கமாட்டாள். அவள் போவது கோயிலுக்குத்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் திருச்சபையின் முதல் வேதசாட்சியின் திருநாள், கல்லால் அடித்துக் கொல்லப்பட்டவர். முந்தின நாள் வெள்ளை உடுப்பில் இருந்த சாமியார் சிவப்பு உடுப்பில் வருவார். குடிலில் வைக்கோல்கூட இன்னும் கலையாது, குழந்தை இயேசு சிரித்துக்கொண்டு கிடப்பார், நான் மைக்கில் கல்லெறியைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பேன். அதே தேதியில் பிறந்த ஒரு மேதையையும், நாட்டையே புரட்டிய ஒரு தலைவரையும் சொல்வேன். இந்தத் தேதியில்தான் கடல் வந்தது என்பதையும் சொல்வேன். பிறகு பூசைக் கருத்து.

அத்தை ஒவ்வொரு வருஷமும் கொடுக்கும் கருத்து ஒன்றுதான். தன் மகன் சுகமாய் வீடு திரும்பி வர.

அதை வாசிக்க வேண்டியவள் நான். சொந்தப் புருஷன் திரும்பி வருவதற்காக, சொந்தக் குரலில், ஒலிபெருக்கியில், பதற்றமே இல்லாமல், இருபது வருஷத்துக்கு மேல். சர்க்கார் கணக்கில் அவர் செத்து எவ்வளவோ நாளாகிவிட்டது. குப்பத்துக் கணக்கிலும் அப்படித்தான். எங்கள் அத்தை கணக்கிலும், அவள் சொல்லி நான் வாசிக்கும் கோயில் கணக்கிலும் அவர் வந்துகொண்டே இருக்கிறார். நான் சுமங்கலியா, விதவையா? பூ வைத்துக்கொண்டால் ஒரு கூட்டம் பார்த்தது, வைக்காவிட்டால் அத்தை பார்த்தாள். நடுவில் ஒரு நல்ல மனிதர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர், என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஆள் விட்டார். எனக்கும் மனசு இருந்தது, ஒளிப்பானேன். கோயிலில் தாலி கட்ட வேண்டுமானால் முதல் புருஷன் செத்தது உறுதியாக வேண்டும். அவனைப் பெற்றவளே 'என் பிள்ளை உயிரோடு கீறான்' என்று சாமியார் அறையில் உட்கார்ந்து சாதித்தாள். அந்த மனிதர் எவ்வளவு நாள் பார்ப்பார்? வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸில் நான் வெடித்துவிட்டேன். "இந்த வாட்டி இளைப்பாற்றிக்குத்தான் சொல்லப் போறேன். உன்னால என்னா பண்ண முடியுமோ பண்ணு அத்தே" என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "உன் வாயால அவனைச் சாவடிக்காதமே. நீ மைக்குல சொல்லிட்டா ஊரே நம்பிடும். அப்பால அவன் வந்தான்னா எங்க போய் நிப்பான்?" என்றாள்.

மறுநாள் நான் பழையபடியே வாசித்தேன். அவளுக்குப் பயந்து இல்லை. இன்னொரு சங்கதி இருந்தது, அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த வரியை வாசித்து முடித்ததும் கடைசி பெஞ்சில் யாரோ இருமுவார்கள். பீடி குடிக்கிறவரின் இருமல், முதலில் சின்னதாக ஒன்று, பிறகு இழுத்து ஒன்று. மார்கழிப் பனியில் நூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருத்தர் இருமுவது அதிசயமா என்ன? அதிசயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்து, வேறு யாரோ ஆஸ்துமாக்காரர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வேன்?

போன கிறிஸ்துமஸுக்கு அத்தைக்கு நடை தளர்ந்துவிட்டது. கேக்கைப் பிட்டு டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தவள், சாதாரணமாக, கடையில் உப்பு வாங்கிவரச் சொல்வதுபோல் சொன்னாள்.

"நாளைக்கு அவனை இளைப்பாற்றிக்குச் சொல்லிடு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "யாரை?"

"எத்தினி பிள்ளைமே எனக்கு?"

"இன்னா அத்தே ஆச்சு உனக்கு? யாருனா எதுனா சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும். எனக்கு இன்னும் எத்தினி நாளு கீது, சொல்லு. நான் போற எடத்துல அவன் இல்லாங்காட்டி யாரைப் பாக்கப் போறேன்? இங்கயும் வரல. அங்கயும் நாம வுடல. பாவம், நடுவுல எங்கமே நின்னுகினு கீறான் அவன்?"

சொல்லிவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். டீ ஆறிப்போனதற்கு என்னைத் திட்டினாள். நான் இதைத்தானே கேட்டு மல்லுக்கட்டினேன்? சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை, எழுந்து போய் அவள் டீயைச் சூடு பண்ணினேன்.

மறுநாள் மைக் முன்னால் நின்றேன். முதல் வேதசாட்சியைச் சொன்னேன். அவரைக் கல்லெறிந்து கொன்றபோது எறிந்தவர்களின் மேலாடைகளைக் காவல் காத்துக்கொண்டு ஓர் இளைஞன் நின்றான் என்று வாசித்தேன். எத்தனையோ வருஷமாக வாசித்த வரிதான், அன்றைக்குத்தான் அந்த இளைஞனின் இடத்தில் நான் நிற்பதாகப் பட்டது. மேதையைச் சொன்னேன். தலைவரைச் சொன்னேன். கடலைச் சொன்னேன். முன் பெஞ்சில் அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். அவர் பேரைச் சொல்லி, 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்றேன். குரல் உடையவில்லை. பழக்கம் அப்படி.

கோயில் முழுக்க ஒரு அசைவு. பாதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பக்கத்து பிளாக் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் காத்திருந்தேன். ஃபேன் சத்தம் கேட்டது. வெளியே கண்டெய்னர் லாரி ஒன்று பின்னால் வருகிற பீப் சத்தம் கேட்டது. கடைசி பெஞ்சில் யாரும் இருமவில்லை.

முதல் முறையாக அந்தப் பெஞ்சை நிமிர்ந்து பார்த்தேன். அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. செத்தவர்களைப் பார்த்து வருகிற பயம் இல்லை அது. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்தபின் உள்ளே ஆள் இருந்ததே என்று நினைவு வந்தால் ஒரு பதற்றம் வரும் பாருங்கள், அது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியைப் பால்கனிக்கு இழுத்தாள். "அதைக் கழட்டிடு" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. ஏறி நின்றேன். அவள் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பகல் வெளிச்சத்திலும் அது அணைந்து அணைந்து எரிந்தது. கிழக்கே கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு கீற்றாகத் தெரிந்தது, வடக்கே புகைபோக்கிகள். கம்பியில் கட்டிய முதல் முடிச்சை அவிழ்த்தேன். இரண்டாவது முடிச்சில் கை நின்றுவிட்டது.

"அத்தே, இதக் கழட்டிட்டா, அவரு வந்தா வூடு எப்படித் தெரியும்?"

சொன்னது நான்தான். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

அத்தை கீழேயிருந்து என்னை அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். நாற்காலிக் காலை விட்டுவிட்டு என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, எறங்கு" என்றாள்.

ஈஸ்டருக்கு முன்னால், தவக்காலத்தில் அவள் போய்விட்டாள். போன இடத்தில் பிள்ளையைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் அவளுக்கு நல்லது. அவளுடைய இரண்டாவது தேதியை நான்தான் கல்லறைக்கு எழுதிக் கொடுத்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பூசைக்குக் கருத்து கொடுக்க வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். அத்தையின் ஆன்ம இளைப்பாற்றிக்காகக் கொடுத்திருக்கிறேன். அதற்கடுத்து இன்னொன்றும் கொடுத்திருக்கிறேன். போன வருஷம் இளைப்பாற்றிக்கு வாசித்த ஆளை இந்த வருஷம் திரும்பி வரச் சொல்லி வாசித்தால் ஊர் சிரிக்குமே என்று சாமியார் கேட்டார். சிரிக்கட்டும் சாமி என்றேன். காலையில் நட்சத்திரத்துக்குப் புதுப் பேப்பர் ஒட்டினேன். எலக்ட்ரீஷியன் வந்து ஒயரைப் பார்த்தான். "ரெண்டு நிமிசம்க்கா, சரி பண்ணிடறேன்" என்றான். தொடாதே என்று சொல்லிவிட்டேன்.